ஒன்றரை அங்குல முள்ளும் ஓர் ஆணியும்

மரம் ஏறுகிறவருக்குக் கால்முள் எடுத்துக் கொடுப்பது மாப்பிள்ளைக்குச் செருப்பு வாங்குவது மாதிரி. கடித்தால் திட்டு நமக்குத்தான். தோட்டத்துச் சாமான் கொட்டகையில் நின்று பழகிய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கால்முள் என்பது காலில் வாரால் கட்டிக்கொள்ளும் இரும்புச் சட்டம். பாதத்தின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை மரத்தில் குத்திக் குத்தி ஏறுவார்கள். மலேயாவில் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் பொறுப்பில் ஏழு ஜோடி இருந்தன. ஒன்றரை அங்குல முள் நான்கு, இரண்டே முக்கால் அங்குலம் மூன்று.

தந்திக் கம்பத்து ஆள்

தொழிலாளர் குடியிருந்த நாலாம் லயத்துக் கூரைகளுக்கு மேலே ஒரு காட்டு மரத்தின் செத்த கிளை தொங்கியது. கீழே பதினோரு குடும்பம். மழைக்காற்று தொடங்குமுன் அதை இறக்கத்தான் சூசையை வேலைக்கு எடுத்தார்கள். ஆறு வருஷம் தந்திக் கம்பம் ஏறியவர். மனைவி ஆரோக்கியத்தோடு அதே லயத்தில் குடி வந்தார்.

வந்தவர் நேராகக் குட்டை முள்ளை எடுத்துக்கொண்டார். எனக்கு முகம் பார்த்துப் பேச வராது. அவர் காலைப் பார்த்தபடியே, கம்பத்துக்கு அது சரி, தடித்த பட்டைக்கு நீள முள் வேண்டும், உள்ளே கட்டையில் இறங்காத முள் ஆளைத் தாங்காது என்றேன். அவர் வாரை இறுக்கிக்கொண்டே கேட்டார்: “நீங்க எத்தனை மரம் ஏறியிருக்கீங்க, அண்ணே?”

ஆறு ஓட்டை

நான் ஏறியது ஒன்றுமில்லை. சூசை முள்ளைச் சோதித்துப் பார்க்கக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த ரப்பர் மரத்தில் ஏறிவிட்டார். இறங்கியதும் எண்ணினேன், ஆறு ஓட்டை. ஆறிலும் பால் வடிந்தது. பட்டைதான் தோட்டத்துக்குச் சோறு என்பது கம்பம் ஏறியவருக்கு எப்படித் தெரியும்? அந்த நேரம் பார்த்துக் கங்காணி வந்து நின்றார். மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “பால் வெட்ட ஆளுக்கு ஒரு உளி குடுத்திருக்கேன். நீ ஏன்டா காலால வெட்டுற?”

எட்டடி

மறுநாள் காலை காட்டு மரத்தடிக்கு ஓர் ஆணியோடு போனேன். பட்டையில் அடித்தேன். ஒன்றேகால் அங்குலம் போன பிறகுதான் கட்டை தட்டியது. குட்டை முள்ளில் மிச்சம் கால் அங்குலம். அதை நம்பி அறுபதடி ஏறுவதா? சொன்னேன், சூசை சிரித்தார். அப்படியானால் எட்டடியில் நின்று மூன்று தரம் ஓங்கி மிதித்துப் பாருங்கள், தாங்கினால் அதற்கு மேல் நான் வாய் திறக்க மாட்டேன் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு தரம் தாங்கியது. மூன்றாவதில் பட்டை முழ நீளத்துக்கு உரிய, மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே சறுக்கி வந்தார். மார்பெல்லாம் சிராய்ப்பு, எலும்புக்கு ஒன்றுமில்லை. அவர் எழுவதற்குள், லயத்து வாசலிலிருந்து ஓடி வந்த ஆரோக்கியம் குனிந்து இரண்டு கால் வாரையும் அவிழ்த்து என் கையில் கொடுத்தார்: “நீளமானதைக் குடுங்கண்ணே. அவரு கேக்க மாட்டாரு, நான் கேக்குறேன்.”

இறங்கிய பிறகு

நீள முள்ளோடு ஏறிய சூசை, கிளையை ஏழு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கினார். ஒரு கூரை ஓலைகூடக் கலையவில்லை. கீழே வந்தவர் முள்ளைக் கழற்றவில்லை. “இந்த நீள முள்ளு எங்கிட்டயே இருக்கட்டும், அண்ணே. அடுத்த மரத்துக்கும் நீங்களே வந்து ஆணி அடிங்க” என்றார்.

இதுவரை முப்பத்தொரு பேருக்குக் கால்முள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மறுபேச்சில்லாமல் என் சொல்லைக் கேட்டவர் ஒரே ஒருவர், அவரும் மரம் ஏறுகிறவரல்ல, ஏறுகிறவரின் மனைவி.