சத்தமே இல்லாத ஃபேன்

தெருவில் எல்லோரும் அவரை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பு ஒன்றும் கிடையாது. சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும், அவ்வளவுதான். ஆண்டவன் தனக்கு இரண்டு கை கொடுத்ததே அடுத்தவன் வேலையைக் காட்டிக் குறை சொல்லத்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தார் போலும்.

அந்தப் பட்டத்தைப் பதினெட்டு வருடமாகத் தன் பிறந்த வீட்டாரிடம் கட்டிக் காத்தவள் அவர் மனைவி. அவர் கை வைத்த மிக்ஸி புகைந்தபோது, பழைய மோட்டார் என்று சமாளித்தாள். இஸ்திரிப் பெட்டி ஷாக் அடித்தபோது, ஈரக் கையால் தொட்டிருப்பீர்கள் என்றாள். பொய்க்கு அன்றன்றே சாமியிடம் மன்னிப்பும் வேண்டிக்கொள்வாள்.

ஒரு நாள் அவளுடைய அண்ணன் தன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தான். வாடகைக்கு மைக் செட் போடுகிறவன். அவனிடம் இருப்பதே அந்த ஒன்றுதான். உள்ளே ஃபேன் கரகரவென்று கத்துகிறது, மறுநாள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பகல் முழுக்க வெயிலில் பெட்டி ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்ஜினியர் கட்டிலுக்கடியில் இருந்த டப்பாவைக் கிளறினார். எந்த மிஷினிலிருந்தோ கழற்றிய ஃபேன் ஒன்று அகப்பட்டது. அதை மாட்டி, சுவிட்சைப் போட்டார். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“கேட்டியா? ஒண்ணும் கேக்காது. அதான் வேலை.”

அவள் பின்பக்கம் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தாள். ஆடவில்லை. இறக்கைகள் தூங்கி வழிந்தபடி சுற்றின. கழற்றிப் போட்ட ஃபேனில் 12 வோல்ட் என்று இருந்தது, மாட்டியதில் 24. வேண்டியதில் பாதிதான் அதற்குக் கிடைக்கிறது என்பது அவளுக்கே புரிந்தது.

“ஏங்க, காத்தே வரலையே.”

“காத்து வாங்கவா குடுத்தாரு உங்க அண்ணன்? சத்தம் வருதுன்னுதானே குடுத்தாரு? சத்தம் நின்னுபோச்சுல்ல.”

உலகத்துக்கே பாடம் நடத்தி முடித்தவர்போல் குளிக்கப் போனார்.

அவர் குளித்துக்கொண்டிருக்கும்போதே வந்த அண்ணன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை கை வைத்தால் சும்மாவா என்று பூரித்தான். வழக்கம்போல் அவள் சிரித்து அனுப்பியிருக்கலாம். நாளை மத்தியானம் அண்ணன் மைதானத்தில் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்தது.

“அண்ணே, அவருக்கு இந்த வேலை தெரியாது. எந்த வேலையும் தெரியாது. இதுல காத்தே வரல, சூட்டுல எரிஞ்சிரும். பன்னெண்டு வோல்ட் ஃபேன் வாங்கி, வேற ஆள வச்சு மாட்டுங்க.”

அண்ணன் அவளைப் பார்த்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

இன்ஜினியர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

“மச்சான் என்ன சொன்னாரு?”

“அவரு ஒண்ணும் சொல்லலங்க. நான்தான் சொன்னேன்.”