கதவுக்குள் கிடந்த தோடு

என் காரின் கதவுக்குள் ஏதோ கடகடத்தது. "உள் அட்டையக் கழட்டிப் பஞ்சு வெச்சா சத்தம் நின்னுடும் மேடம்," என்றார் மெக்கானிக். நான் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில், அப்பா ஒரு பட்டு முதலாளிக்குக் கார் ஓட்டினார். இதே மாதிரி சத்தம் கேட்டு ஒருநாள், சிறுமியான நான் பக்கத்தில் நின்று பார்க்க, கதவைப் பிரித்தார். கண்ணாடி இடுக்கு வழியாக விழுந்த முதலாளியம்மாவின் வைரத்தோடு உள்ளே கிடந்தது. அதைத் திருடியதாகத்தான் வேலைக்காரி பவுனக்காவைத் துரத்தியிருந்தார்கள்.

"குடுத்துடுப்பா," என்றேன்.

"குடுத்தா, நான்தான் ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தேன்னு சொல்வாங்கமா."

பெட்ரோல் வாடையடித்த விரல்களால் தோட்டைக் கழிவுப் பட்டுநூலில் சுற்றி உள்ளேயே திணித்து ஸ்க்ரூவை முடுக்கினார்.

அப்புறம் அந்தக் கதவு சத்தமே போடவில்லை. பவுனக்கா தெருவில் அந்தக் கார் நுழைந்தால் போதும், நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

"கழட்டட்டா மேடம்?"

"வேணாம்பா. சத்தம் இருக்கட்டும்."