தொழுகை நேரத் திரைக்கு நான் எழுதிய புரோகிராம்

நோன்புக்கு முந்திய நாள், நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு என் தம்பி வீட்டுக்கு வந்தான். எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டும் திரையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அதற்கு நான் சி என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதித் தருவதாக, பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மாரிடம் சொல்லியும் விட்டான். பின்னேர அஸர் தொழுகைக்குள் அது ஓடாவிட்டால், கடையில் விற்கும் நேரப் பலகை ஒன்றை வாங்கி மாட்டுவதாக முடிவு. நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரை படித்தவள். சி மொழியைப் போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். அந்தத் திரையில் என் வேலை வரவேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனில் எழுதியபோது நன்றாக ஓடியது. தொழுகை நேரங்கள் மாதத்துக்கு ஒரு பைலாக இருப்பதால் பிறகு அதை இரண்டாகப் பிரித்தேன். ஒரு ஃபங்ஷன் அந்த மாதத்துப் பைலைத் திறந்து, அதைச் சுட்டும் பொயின்டரைத் திருப்பித் தரும். அந்தப் பொயின்டரை வாங்கி, இன்னொரு ஃபங்ஷன் அன்றைய நேரங்களை வாசிக்கும்.

தம்பியின் முன்னால் ஓடவிட்டேன். ஒன்றும் வரவில்லை.

“என்ன ராத்தா, உங்கட கொம்பியூட்டர் இண்டைக்கே நோன்பு புடிச்சிட்டா?”

“சும்மா இருடா.”

“நான் இரிப்பன். மரைக்கார்மார் இரிப்பாங்களா?”

பொயின்டரைச் சோதித்தேன். பைல் சரியாகத்தான் திறந்திருந்தது. வரி வரியாகச் சத்தமாக வாசித்தேன். “பைலத் திறக்கன். மூடுறன். பொயின்டரத் திருப்பிக் குடுக்கன்...” அதோடு நின்றுவிட்டேன்.

எங்கள் ஒழுங்கையில் ஆடுகள் கட்டில்லாமல் திரியும். வாசல் கடப்புக் கதவைத் திறந்தவர் உடனே சாத்தாவிட்டால் முற்றத்தில் ஒரு செடி மிஞ்சாது. அந்தப் பழக்கத்தில், திறந்த ஃபங்ஷனுக்குள்ளேயே பைலை மூடியும் விட்டிருந்தேன். வாசிக்க வேண்டிய ஃபங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தது மூடிய பைலின் பொயின்டர்.

மூடும் வரியை வெட்டி, மெயின் ஃபங்ஷனில், வாசித்து முடிந்த இடத்துக்குக் கீழே ஒட்டினேன். மறுபடி ஓடவிட்டேன். சுபஹ் முதல் இஷா வரை எல்லா நேரங்களும் வரிசையாக வந்து நின்றன. நாளைய திகதியைப் போட்டேன். நோன்பு திறக்கும் நேரமும் வந்தது.

தம்பி பென்டிரைவோடு பறந்தான். அஸர் பாங்குக்கு முன்னமே போன் வந்தது.

“போட்டாச்சு ராத்தா. கடைப் பலகை வேணாமாம். இத ஆரு செஞ்ச எண்டு கேக்காங்க. என்ன சொல்ல?”

கல்யாண வீட்டில் என் கறியை யாராவது புகழ்ந்தால் அடுக்களைக்குள் போய்விடுகிறவள் நான்.

“உன்ட ராத்தா செஞ்ச எண்டு சொல்லு,” என்றேன். “எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லு.”