காதில் வைத்துப் பார்ப்பவர்

ஓடுகிற ஹார்ட் டிஸ்க்கைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் இளங்கோ. "நல்ல குரலு" என்றால் வாங்கிவிடுவார். "தொண்ட கட்டிகினு கீதுபா" என்றால் கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்ட வேண்டும். தயாரித்தவர்கள் அச்சடித்துத் தரும் ஆயுளை அவர் நம்புவதில்லை. கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளை சம்பளத்தைப் போலத்தான் அதுவும் என்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியொன்றின் சர்வர் அவர் பொறுப்பு. வரைபடம், பில், சம்பளக் கணக்கு எல்லாவற்றுக்கும் தினமும் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். முதலாளி ரவிச்சந்திரனுக்கு நகல் பெரிதாக இருக்க வேண்டும், செலவு சிறிதாக இருக்க வேண்டும். ஆகவே பழைய டிஸ்க்குகள், ஒரே பெட்டியில் எட்டு. இளங்கோவுக்கு அதில் பெருமைதான். எதிர்க் கம்பெனியில் ரேணுகா என்று ஒருவர் இல்லாமல் இருந்தால் அந்தப் பெருமை முழுசாக இருந்திருக்கும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த ரேணுகாவுக்கும் இதே வேலை. அவர் அறையில் ஏசி ஒழுகாது. ஒயர்கள் ஜடை பின்னியதுபோல் கிடக்கும். முதலாளியே "மேடம்" என்பார். இதெல்லாம் தன் வீட்டிலிருந்து களவுபோனவை என்றே இளங்கோவுக்குத் தோன்றும். மேனாம்பேட்டு வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அதே புலம்பல்தான் தொட்டுக்கொள்ள. "யோவ், கொழம்பு எப்டி கீதுன்னு ஒரு நாளாச்சும் சொன்னியா?" என்பார் மனைவி லோகநாயகி.

டிஸ்க்கை விட்டுவிட்டு ரேணுகா, நகலை நாடாவில் பதியும் பழைய டேப் டிரைவ் ஒன்றை வாங்கியபோது டீக்கடையில் இளங்கோவுக்குத் திருவிழா. "இன்னாமா, இந்தக் காலத்துல போய் கேசட்டா? ரெண்டு பக்கமும் பாடுமா?"

"டிரைவுக்கு ஒரு தடவதான் செலவுண்ணா. அப்புறம் டேப்பு டிஸ்க்கவிட சல்லிசு. புடிக்கிறதும் அதிகம்."

சிரித்துவிட்டு வந்த இளங்கோ தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

ஆயுத பூஜைக்கு ஓடுகிற பெட்டிக்கே ஒரு பொட்டு வைத்துவிடுவது அவர் வழக்கம். இந்த வருடம் ரேணுகா எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்து மாலை போட்டதாகக் காதில் விழுந்தது. விடுவாரா? வாங்கிய நாள்முதல் நிற்காமல் சுற்றிய எட்டு டிஸ்க்கையும் அணைத்தார். இரட்டை மாலை போட்டார். பொரி, சுண்டல் படைத்தார். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் மூன்று எழுந்திருக்கவில்லை. ஒன்று போனால் பெட்டி சமாளிக்கும். மூன்று போனதில், எட்டிலும் பிரித்து எழுதியிருந்த நகல் மொத்தமும் போயிற்று.

"இப்ப சர்வரும் படுத்துச்சுன்னா கம்பெனிய இழுத்து மூடணும் இளங்கோ" என்றார் ரவிச்சந்திரன். "அந்த மேடம் என்ன வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. இல்லேன்னா அவங்களையே இங்க கூப்பிட்டுக்கிறேன்."

போனார். டிரைவின் மேல் சந்தனம்கூடக் கோணாமல் இருந்தது. பீரோவில் டேப்புகள் வரிசையாக நின்றன.

"லீவு முடிஞ்சி உன்னுது எழுந்துச்சாமா?"

"இதுங்களுக்கு வருஷம் பூரா லீவுதாண்ணா. வேல இருந்தாதான் எழுப்புவேன்." ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார் ரேணுகா.

இளங்கோ திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மெல்லக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடினார். சத்தமே இல்லை. மறு காதுக்கு மாற்றினார்.