நடுக்கம் பார்த்த வேலை

எலிக்கூண்டு கழுவுகிற வேலையில் முதலில் போவது மூக்கு, அப்புறம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆள். கழுவியவர்களுக்குத் தெரியும்.

பிளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு மொரப்பூர் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் சேர்ந்தேன். படிக்க இல்லை, எலி பார்க்க.

எதுக்கு இந்தப் பாடு?

மனநோய்க்கான சில மாத்திரைகளால் கை நடுங்கும். அதே மருந்தைப் போட்டால் எலியும் நடுங்கும். பிறகு பாதி எலிகளுக்கு, மூளையிலேயே ஊறுகிற பெப்டைடு என்ற துண்டுப் புரதம். மீதிக்கு வெறும் உப்புத்தண்ணி. எந்த எலிக்கு எது என்று ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியர் சாருக்கு மட்டும்தான் தெரியும். நடுக்கம் குறைகிறதா என்று பார்ப்பது நானும், ஆராய்ச்சி மாணவி மல்லிகா அக்காவும். ஏன்க்கா இப்படி மெனக்கெடறீங்க என்று கேட்டேன்.

"எங்கண்ணன் அந்த மாத்திரைதான்டா சாப்பிடுது. கை நடுங்குறது அசிங்கமா இருக்குன்னு அப்பப்ப நிறுத்திப்புடுது. நிறுத்துனா வூட்ல யாரும் தூங்க முடியாது."

எல்லா எலியும்

ஒரு நாள் ஊசியே போடாத எலிகூட நடுங்குவதாக, நடுக்கத்தை அளக்கிற கருவி மலை மலையாகக் கோடு போட்டது. மருந்தை எலி மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால், கல்லூரிக்குப் பின்னால் சரக்கு ரயில்! மேசையே ஆடியிருக்கிறது. அதற்கப்புறம் ரயில் நேரம் பார்த்துத்தான் ஊசி. சார் கோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, பெப்டைடு எலிக்கா, இன்ஜினுக்கா?"

வாத்தியார்

எலிக்குப் பேர் வைக்கக் கூடாது, மனசு அந்தப் பக்கம் சாயும். நான் வைத்தேன். முறைக்கிற ஒன்றுக்கு வாத்தியார் என்று. ஊசிக்கப்புறம் அது கடலையை இரண்டு கையிலும் பிடித்து, கீழே போடாமல் தின்றது. பெப்டைடுதான் என்று குதித்தேன். அக்காவும் வெளியே ஓடிப்போய் போன் போட்டார்:

"அண்ணா, மாத்திரைய மட்டும் நிறுத்திடாத. இங்க ஒருத்தன் கடலைய முழுசா தின்னுட்டான்!"

கடைசி நாள்

எதற்கு எது என்று சார் சொன்னார். வாத்தியாருக்குப் போனது உப்புத்தண்ணி. மொத்தத்தில் பெப்டைடு போன எலிகளும் உப்புத்தண்ணி எலிகள் அளவுக்கேதான் நடுங்கியிருந்தன. அக்கா கையுறையைக் கழற்றாமலே நின்றார். சாயங்காலம் அழைத்துப்போக அண்ணன் வந்தார். அந்தப் பெப்டைடு வேலை செய்யலண்ணா என்றார் அக்கா. இனி மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அக்காவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் மாத்திரைய வுடமாட்டேன் பாப்பா. நீ எலிய வுடாத."

இப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் செல்போன் கடையில் நிற்கிறேன். இங்கே எதுவும் கடிப்பதில்லை, அதனாலேயோ என்னவோ பொழுது நகரவே மாட்டேன் என்கிறது.