யாரும் வைக்காத நெருப்பு

தெருக்கூட்டும் வேலையில் இருந்த காலம் முழுக்க பட்டம்மாளின் இடுப்பில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே பிளீச்சிங் பவுடர். புளியந்தோப்பில் குப்பையை வாரி வண்டியில் ஏற்றியதும், அது கிடந்த இடத்தில் ஒரு கை தூவுவாள். தரையில் வெள்ளை விழுந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. மேஸ்திரி எட்ட நின்றே வெள்ளையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

சில நாள் லாரியோடு கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கும் போவாள். அங்கே அவளுக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. மேட்டில் அங்கங்கே நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். யாரும் வைத்ததில்லை. மழையில் ஊறிய குப்பைக்குள்ளிருந்தும் புகை கிளம்பும். ஒருமுறை, தேங்கிய கறுப்புத் தண்ணீரில் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. லாரி டிரைவர் பீடியைப் பற்றவைத்துவிட்டுக் குச்சியை அதில் எறிந்தார். தண்ணீரின் மேல் நெருப்பு ஓடியது. பட்டம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“இன்னாம்மே, சாமியா அது?” என்று சிரித்தார் டிரைவர்.

“யாரு வெச்ச நெருப்பு அண்ணே?”

“அதுவா எரியுது. ஏறு வண்டில.”

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. வேறு யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று எர்ணாவூர் குடியிருப்புக்கு வந்த பிறகு, கீர்த்தி என்ற பெண் பட்டம்மாள் இருந்த பிளாக்கின் கீழே ஒரு தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். வீடுகளின் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் வேலை அவளுக்கு. மீந்த சோறு, காய்த்தோல், மீன் செதில் எல்லாவற்றையும் தண்ணீரோடு இதில் ஊற்றினால் உள்ளே ஊறி வாயு வரும், மேலே கவிழ்த்திருக்கும் டிரம் தானாக எழும்பும், குழாயைத் திறந்தால் அடுப்பு எரியும் என்றாள்.

“பைக்கு நிக்கிற எடத்துல குப்பையா?” என்றார் குடியிருப்போர் சங்கத்து லட்சுமணன். “போகிக்குள்ள எரியணும். இல்ல, தூக்கிகினு போய்க்கினே இருக்கணும். அப்பாலிக்கு யாரும் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

“எரியும் நைனா. நான் பொறுப்பு” என்றாள் பட்டம்மாள். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. குப்பையிலிருந்து நெருப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் முந்திக்கொண்டது.

வீடு வீடாகப் போய் பக்கெட்டில் கழிவு வாங்கினாள். பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கரைத்து ஊற்றினாள். டிரம் அசையவில்லை. கார்த்திகை வந்தது. அப்போதும் அசையவில்லை.

“இன்னாக்கா, டிரம்மு தூங்குதா? தாலாட்டு கீலாட்டு பாடுறியா?” என்றாள் முதல் மாடி மங்கை.

கீர்த்தி வந்து தொட்டியின் வாயில் குனிந்து முகர்ந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

“நாத்தமே இல்லையே அக்கா?”

“நான் இருக்கறப்போ நாறிடுமா?” பட்டம்மாள் ஓய்வுக்குப் பிறகும் அவிழ்க்காத இடுப்புப் பையைத் தட்டிக் காட்டினாள். “காலீல ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. ஒரு ஈ ஒக்காரட்டும் பாக்கலாம்.”

கீர்த்தி தொட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

“அக்கா, உள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்கு. அதுங்கதான் சோத்தத் தின்னு வாயுவை விடுது. நீங்க தினம் ரெண்டு வேளை அதுங்களுக்கு வெஷம் வெச்சிருக்கீங்க.”

“கிருமியா? அதுல நல்லது வேற இருக்குதா?”

“கொடுங்கையூர்ல தானா எரியுதே, பாத்திருக்கீங்களா? அதுவும் இதுங்க வேலைதான். அங்க வீணா வானத்துக்குப் போய் ஊரைச் சூடாக்குது. இங்க அதைப் புடிச்சு அடுப்புல விடறோம். அவ்வளவுதான்.”

பட்டம்மாள் குனிந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“மழையிலயும் எரியுமே, அதுவா?”

“அதேதான்க்கா.”

அன்று பையை அவிழ்த்துப் பரண்மேல் போட்டாள். தொட்டியைக் காலி செய்து வெறும் தண்ணீரால் கழுவினாள். திருவொற்றியூர் மாட்டுக்கொட்டகையிலிருந்து அந்தக் கிருமிகள் உள்ள சாணம் கொண்டுவந்து கரைத்து ஊற்றி, முதலிலிருந்து தொடங்கினாள். சில நாளில் தொட்டி நாற ஆரம்பித்தது. ஈ மொய்த்தது. அவள் கை தானாக இடுப்புக்குப் போகும். பை இருக்காது. முந்தானையைப் பிடித்துக் கசக்குவாள்.

லட்சுமணன் ஃபினாயில் டின்னோடு இறங்கி வந்தார். “கலீஜ் தாங்கல பட்டம்மா.”

“ஒரு சொட்டு உள்ள போச்சுன்னு வை, உன் பைக்கு கழிமுகத்துல மெதக்கும்.”

அவர் டின்னோடு திரும்பி ஏறிப் போனார்.

மார்கழியில் ஒரு காலை. பக்கெட்டோடு வந்தவள் நின்றுவிட்டாள். டிரம் ஒரு சாண் எழும்பியிருந்தது. இத்தனை நாள் கழிவில் அமிழ்ந்திருந்த பகுதி ஈரமாக வெளியே தெரிந்தது. கிட்டே ஆள் இல்லை, கயிறு இல்லை. உள்ளங்கையால் அழுத்தினாள். அமுங்கியது. கையை எடுத்ததும் மெல்ல மேலே வந்தது, தூங்கும் பிராணியின் வயிறு போல. சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னொரு முறை அழுத்தினாள்.

போகி அன்று வெயில் ஏறிய பிறகும் தெருவில் புகை நின்றது. விடியலில் பழைய பாயும் டயரும் கொளுத்தியிருந்தார்கள். எல்லார் கண்ணிலும் நீர். லட்சுமணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீர்த்தி குழாயைத் திறந்து அடுப்பில் குச்சியைக் காட்டினாள்.

ஒன்றும் தெரியவில்லை. வெயில் மட்டும் அடுப்பின்மேல் அடித்தது.

“அவ்ளோதானா? வண்டிய வரச் சொல்லு, தூக்கிடலாம்” என்றார் லட்சுமணன்.

பட்டம்மாள் கையை அடுப்புக்கு மேலே நீட்டினாள். சுரீரென்று இழுத்துக்கொண்டாள்.

“அடியே மங்கை, சுடுதுடீ!”

மங்கை ஓடிப்போய் முறத்தை எடுத்துவந்து வெயிலை மறைத்துப் பிடித்தாள். அந்த நிழலில் நீலமாக, வட்டமாக, சத்தமில்லாமல் நெருப்பு நின்றுகொண்டிருந்தது. புகை இல்லை. கரி இல்லை. நேற்றைய சோறும் மீன் செதிலும் எரிகின்றன என்று சொன்னால் யார் நம்புவார்கள்? லட்சுமணன் கட்டிய கையை அவிழ்த்தார்.

மங்கை பால் வைத்தாள். பாத்திரத்துக்கு அடியிலேயே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததில் பாலை மறந்துவிட்டார்கள். அது பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது.

“பொங்கல் நாளைக்குத்தானே, இது இன்னா இன்னிக்கே பொங்கிடுச்சு?” என்றார் லட்சுமணன், குரலை இறக்கி.

கீர்த்தி குழாயை மூடி, அடுப்பைத் துடைத்துவிட்டு, மறுபடி வத்திப்பெட்டியை எடுத்தாள். பட்டம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இந்தத் தபா நான் வெக்கிறேன்.”