முன்சக்கரத்தில் வைத்த தோல்

ஆம்பூரில் அப்போது கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார் வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். நைனாவின் தோல் பதனிடும் ஷாப்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயது இருபத்து மூன்று. திமிர் அதைவிட ஜாஸ்தி.

அந்தக் காருக்கு மெட்ராஸிலிருந்து அகலமான டயரோடு நான்கு கம்பிச் சக்கரங்களை வரவழைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தன. ஆனால் அவை வேறு வண்டிக்குச் செய்தவை. முன்பக்கத்து இடது சக்கரம் அச்சில் சரியாக உட்காராமல் லொடலொடத்தது. எங்கள் டிரைவர் அன்று கலவை என்ற ஊருக்கு, மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? எங்கள் ஷாப்பில் எது ஆடினாலும் தோல்தான் வைப்போம். பம்ப், மேஜைக்கால், கதவுக் கீல், எல்லாவற்றுக்கும் ஒரு துண்டுத் தோல். கைக்குக் கிடைத்த மாட்டுத் தோலை வளையமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, அச்சில் மாட்டினேன். அதன்மேல் சக்கரத்தை ஏற்றி, நடுவில் இருக்கும் ஒற்றை நட்டைச் சுத்தியால் அடித்து முறுக்கினேன். லொடலொடப்பு நின்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முப்பது மைல் வேகத்தைத் தாண்டினால் இடது பக்கம் இழுத்தது. நாற்பதைத் தொட்டால் ஸ்டியரிங் கையை உதறியது. கலவையிலிருந்து திரும்பிய டிரைவரை ஷாப்பு வாசலில், எல்லோரும் பார்க்க நிறுத்தினேன்.

"சனிக்கிழமைக்குள்ள வண்டி நேரா ஓடணும். இல்லன்னா வேலையும் இல்ல, வூடும் இல்ல."

அவர் குடியிருந்தது ஷாப்பு காம்பவுண்டுக்குள் நாங்கள் கொடுத்த ஒற்றை அறையில். மனைவி, மூன்று பெண்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இன்றைக்கு எழுதும்போது 'அவர்' என்கிறேன். அன்றைக்கு 'டேய்'தான்.

அவர் முதலில் சக்கரத்தைக் கழற்றினார். வளையம் கையில் வந்தது.

"இது இன்னாங்க சின்ன மொதலாளி?"

"சக்கரத்தோட வந்த வாஷர். அப்படியே வச்சு மாட்டு."

அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். எங்கள் ஷாப்பில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல். அந்த வாசனையில்தான் அவர் சோறு தின்றார், தூங்கினார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வளையத்தைத் திரும்ப மாட்டினார். முதலாளி மகனைப் பொய்யன் என்று சொல்ல அவரால் முடியாது. அந்த ஒரு தைரியத்தில்தான் நான் பொய் சொன்னேன்.

பிறகு மூன்று நாள் அவர் பட்ட பாட்டை ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். நாலு டயரிலும் காற்றை ஒரே அளவாக்கினார். வண்டி இழுத்தது. இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினார். அப்போதும் இடது பக்கமே இழுத்தது. கோளாறு டயரில் இல்லை, அந்த அச்சில்தான் என்று ரோட்டில் போகிறவனுக்கும் புரிந்திருக்கும். கயிறு பிடித்து முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்தார். அதுவும் சரி. ஓட ஓட அந்தத் தோல் அமுங்கி நட்டு தளர்ந்துவிடும். அவர் திரும்பத் திரும்ப முறுக்கினார். கைவிரல்கள் உரிந்துபோயின. "இன்னாடா, ஆச்சா?" என்று நான் மணிக்கொரு தரம் கேட்டேன். எனக்குப் பொழுது நன்றாகப் போயிற்று.

சனிக்கிழமை காலை, குமாஸ்தாவும் வேலையாட்களும் நிற்கும்போது அவர் வாயைத் திறந்தார்.

"அந்தத் தோல எடுத்துட்டு, பழைய சக்கரத்த மாட்டி ஒரு தபா ஓட்டிப் பாக்கலாங்க."

யாரோ பின்னால் சிரித்தான். எனக்கு உச்சந்தலை வரை ஏறிற்று.

"எந்தத் தோலுடா? மட்கார்டு மேல ஏறி உக்காரு. சக்கரம் இன்னாத்துக்கு ஆடுதுன்னு கிட்ட இருந்து பாத்துச் சொல்லு."

அவர் ஏறினார். விளக்கை ஒரு கையால் கட்டிக்கொண்டு, சக்கரத்தைக் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்தார். வேலூர் ரோட்டில் விட்டேன். மாதனூர் தாண்டியதும் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது. இன்னும் அழுத்தினேன். அவர் முகத்தில் பயத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்தேன். பிடித்துமிருந்தது. அடுத்த நிமிஷம் சக்கரம் கழன்று தனியாக வயலுக்குள் ஓடிற்று. வண்டி அந்தப் பக்கமாகக் குத்தி உட்கார்ந்தது. அவர் கால் அடியில் இருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள், ரோட்டோரம் கிடந்த வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு நைனா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நின்று, "நட்ட சரியா முறுக்கலியா?" என்று கேட்டார்.

"முறுக்கினேங்க. உள்ள தோல் வாஷர் இருந்துச்சுங்க. சின்ன மொதலாளியவே கேளுங்க." காய்ச்சலிலும் குரல் தெளிவாக வந்தது. அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்று, இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைனா என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு வீடு மிஞ்சும்.

"வாஷரா? நான் எதையும் பாக்கல, நைனா."

நைனா கோட்டுப் பையில் கைவிட்டு அந்த வளையத்தை எடுத்தார். ஒரு பக்கம் கிழிந்து, கருத்துப் போயிருந்தது. கட்டை விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். ஒரு தரம் முகர்ந்தார். முதலில் என்னை, பிறகு கட்டிலைப் பார்த்தார். வளையத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வண்டியப் பாத்துக்கத் துப்பு இல்ல. எம் புள்ள மேல பழி வேற போடறியா? மாசக் கடைசிக்குள்ள வூட்டக் காலி பண்ணிடு."

அவர் மனைவி அப்போதுதான் அழுதாள். எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமெல்லாம் பல வருஷம் கழித்து, ஊர் மதிக்கிற வயதில் வந்தது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வாசலுக்கு வந்ததும் நைனா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். என் தோளில் கைவைத்து, கணக்கில் தவறிய பிள்ளையைத் திருத்துகிற குரலில் சொன்னார்:

"மாட்டுத் தோலு அமுங்கிடும்டா. எருமத் தோல்ல வெட்டி இருக்கணும்."

"சரி, நைனா" என்றேன்.